சந்தா நின்றாலும் பாடல் நிற்காமல் இருக்க: சொந்த இசைத் தொகுப்பை உருவாக்கும் முறை

ஸ்ட்ரீமிங் செயலியில் பாடலுக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவிறக்கக் குறியை அழுத்துவதால் அந்தப் பாடல் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கைபேசிக்கு வந்து சேர்வது அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டிய கோப்பு. அதன் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நாட்களுக்கு ஒருமுறையேனும் இணையத்துடன் இணையாவிட்டால் பதிவிறக்கிய பாடல்கள் ஒலிக்காது. சேவையில் என்னென்ன பாடல்கள் கிடைக்கும் என்பதும் உரிமையாளர்களுடனான ஒப்பந்தத்தைப் பொறுத்ததே. 2022 ஜனவரியில் பாடகர் நீல் யங் தம் பாடல்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார். அவை மீண்டும் அங்கே வந்தது 2024இல்தான். கூகுள் பிளே மியூசிக் என்ற சேவை 2020ஆம் ஆண்டு இறுதியில் முழுவதுமாகவே மூடப்பட்டது.

இதற்காக ஸ்ட்ரீமிங்கைக் கைவிட வேண்டியதில்லை. முன்பின் கேட்டிராத இசையைத் தேடிக் கேட்பதற்கு அதைவிட வசதியான வழி இன்று இல்லை. ஆனால் கேட்டுப் பார்ப்பதற்கான இடம் வேறு, வைத்துக்கொள்வதற்கான இடம் வேறு. நாளை அந்தச் செயலி திறக்காமல் போனால் எந்த ஆல்பங்களைத் தேடித் தவிப்பீர்களோ, அவற்றை மட்டும் முதலில் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கத் தொடங்கினால், வகைப்படுத்தப்படாத ஆயிரக்கணக்கான கோப்புகள்தான் மிஞ்சும். அவற்றில் ஒரு பாடலைத் தேடி எடுப்பதற்குள் ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றிவிடும்.

பட்டியல் தயாரிக்க நினைவை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய சேவைகள் பலவற்றில் நம் கணக்குத் தரவைக் கேட்டுப் பெறும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதில் பிளேலிஸ்ட்டுகளும் கேட்ட பாடல்களின் வரலாறும் கோப்பாகக் கிடைக்கும். எதிர்பாராத ஆல்பம் ஒன்று அடிக்கடி கேட்டவற்றின் வரிசையில் மேலே நிற்பதை அப்போதுதான் கவனிப்போம்.

கோப்புகளை எங்கிருந்து பெறுவது

பூட்டில்லாத கோப்புகளை விற்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கும் ஆல்பத்தை ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்), எம்பி3 உள்ளிட்ட பல வடிவங்களில் பதிவிறக்கிக்கொள்ளலாம். கோபஸ் நிறுவனம் ஸ்ட்ரீமிங்குடன் பதிவிறக்க விற்பனையையும் நடத்துகிறது. ஐடியூன்ஸ் ஸ்டோரில் 2009ஆம் ஆண்டிலிருந்து பாடல்கள் பூட்டின்றி, எம்பி3 போன்ற சுருக்க வடிவமான ஏஏசியில், விநாடிக்கு 256 கிலோபிட் அளவில் கிடைக்கின்றன. எங்கே வாங்கினாலும் வாங்கிய அன்றே பதிவிறக்கி, நம் வட்டில் சேமித்துவிட வேண்டும். ‘நீங்கள் வாங்கியவை’ என்று இணையத்தில் தெரியும் பக்கம் அந்த நிறுவனத்தின் கணினியில் இருப்பதே தவிர நம்முடையதன்று. மைஸ்பேஸ் தளத்தில் 12 ஆண்டுகளுக்கு மேலாகப் பயனர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஸ்ட்ரீமிங்கில் ஓடும் பாடலைப் பதிவு செய்து தரும் மென்பொருள்களை நாடாமல் இருப்பதே நல்லது. சேவையின் விதிகளுக்கு அது முரணானது. கலைஞருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை மறுபடியும் சுருக்குவதால் தரமும் குறையும்.

குறுந்தகட்டிலிருந்து எடுப்பது

வீட்டில் பழைய இசைக் குறுந்தகடுகள் இருந்தால் மிகச் சிறந்த மூலம் அவையே. (சொந்தத் தகட்டைப் பிரதியெடுப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பிரிட்டனில் 2014இல் தரப்பட்ட அனுமதியை அடுத்த ஆண்டே நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் நாட்டு நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆனால் இசைத் தகட்டைக் கணினி படிப்பது, தரவுத் தகட்டைப் படிப்பதைப் போல நேரானதன்று. தரவுத் தகட்டின் ஒவ்வொரு 2,352 பைட் பகுதியிலும் 2,048 பைட் மட்டுமே தரவு. மீதியில் பிழைதிருத்தத்துக்கான கூடுதல் தகவலும் அடங்கும். இசைத் தகட்டில் அந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லை, 2,352 பைட்டும் ஒலியே. கீறல் ஆழமாக இருந்து பிழையைத் திருத்த முடியாதபோது, டிரைவ் முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைக் கொண்டு இடைவெளியை உத்தேசமாக நிரப்பிவிட்டு, எதுவும் நடவாததுபோல் மேலே செல்லும். காதுக்குச் சட்டென்று தெரியாது. தெரியவரும்போது தகடு கையில் இல்லாமல் போயிருக்கலாம்.

இதைத் தவிர்க்கத்தான் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் பாதுகாப்பான முறை ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இருமுறை படித்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் மீண்டும் முயலும். இம்மூன்றும் அக்யுரேட்ரிப் என்ற தரவுத்தளத்தோடு நம் கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் செய்யும். உலகில் வேறு எவரேனும் அதே தகட்டை எடுத்தபோது கிடைத்த சரிபார்ப்பு எண்ணும் (ஒலித்தரவிலிருந்து கணக்கிடப்படுவது) நமக்குக் கிடைத்த எண்ணும் ஒன்றாக இருந்தால், பாடல் பிசகின்றி வந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்பது பாடல்கள் பொருந்தி, கடைசிப் பாடல் மட்டும் பொருந்தாவிட்டால், தகட்டின் வெளி ஓரத்தில் விரல் ரேகையோ கீறலோ இருக்கக்கூடும். இசைத் தகடு உள்ளிருந்து வெளிநோக்கிப் பதிவாகியிருப்பதே காரணம். மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டு, அந்த ஒரு பாடலை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். எல்லாப் பாடல்களுமே பொருந்தவில்லையென்றால் தகட்டைக் குறை சொல்வதற்கு முன், அது வேறு பதிப்பா என்றும், டிரைவின் ஆஃப்செட் அளவு (பாடலின் தொடக்கத்தை அது சற்று முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கும் வேறுபாடு) சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முடிவில் உருவாகும் பதிவறிக்கைக் கோப்பை ஆல்பத்துடனேயே வைத்திருங்கள்.

எந்த வடிவம்

சேமித்து வைக்க ஃபிளாக். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. குறுந்தகட்டின் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட்; நான்கு நிமிடப் பாடல் 42 மெகாபைட் பிடிக்கும். ஃபிளாக் அதை, இசையின் தன்மைக்கேற்ப, ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையான அளவுக்குச் சுருக்கும். ஒரு பிட்டைக்கூட இழக்காது. பாடலுக்கு 25 மெகாபைட் என்று கொண்டாலும், 1 டெராபைட் வட்டில் 40,000 பாடல்கள் அடங்கும். 320 கிலோபிட் எம்பி3யும் பெரும்பாலான காதுகளுக்கு வேறுபாடு தெரியாத தரம்தான். ஆனால் பிற்பாடு வேறு வடிவத்துக்கு மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கழிந்துகொண்டே போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்தப்படும் கோப்புகளுக்குக் கூடுதல் பணம் தருவது, என் கருத்தில், அவசியமற்றது. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது, ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறார்கள் என்பதைக் குறிக்கும் குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அதை முழுமையாகவே உள்ளடக்கிவிடுகிறது.

ஃபிளாக் என்ற பெயரோடு வருவதெல்லாம் அசலும் அல்ல. எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து அதன் அதிர்வெண் வரைபடத்தைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் கிடைக்கோடு தெரிந்தால், அது 128 கிலோபிட் எம்பி3யாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஒலிப்பதிவுகளில் உயர் அதிர்வெண்கள் இயல்பாகவே குறைந்திருக்கும்; ஆனால் அவை படிப்படியாக மங்கும், ஒரே உயரத்தில் அறுபடாது.

பெயரும் விவரக்குறிப்பும்

தொகுப்பு பயன்படுமா படாதா என்பதை முடிவு செய்வது இந்த வேலைதான், சலிப்பூட்டுவதும் இதுதான். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருள், பாடலின் ஒலிரேகையைக் கொண்டு அதை அடையாளம் கண்டு, ஆல்பம், ஆண்டு, வரிசை எண் ஆகியவற்றை நிரப்பித் தரும். அது தருவதை அப்படியே ஏற்காமல் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். ஒரே கலைஞரின் பெயரை ஓரிடத்தில் முன்னெழுத்துக்குப் பின் புள்ளியுடனும் இன்னோரிடத்தில் புள்ளியின்றியும் எழுதினால், பிளேயரின் கணக்கில் அவர் இரண்டு பேர். பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைப்பதா ஆங்கில எழுத்தில் வைப்பதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஃபிளாக் கோப்பின் குறிப்புகள் யூனிகோடில் அமைவதால் தமிழ் சிக்கலின்றி நிற்கும். எம்பி3யின் மிகப் பழைய குறிப்பு முறையை மட்டுமே படிக்கத் தெரிந்த கருவிகளில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் தெரியும்.

பல பாடகர்கள் பாடிய ஆல்பத்தில் ‘ஆல்பம் கலைஞர்’ என்ற தனிப் புலத்தில் எல்லாப் பாடல்களுக்கும் ஒரே பெயரை இடுங்கள்; விட்டுவிட்டால் ஒரே ஆல்பம் பாடகருக்கு ஒன்றாகச் சிதறித் தெரியும். கோப்புறைகளுக்கு எளிய அமைப்பு போதும்: கலைஞர், அதனுள் ‘1998 - ஆல்பத்தின் பெயர்’, அதனுள் ‘03 - பாடலின் பெயர்’. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது என்பதால் அவற்றை முதலிலிருந்தே தவிர்த்துவிடலாம்.

காப்புநகலும் கேட்கும் வழியும்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது காப்புநகலுக்கு நெடுநாளாக வழங்கிவரும் விதி. கணினியையும் இணையச் சேமிப்பையும் தானாக ஒத்திசைக்கும் ஏற்பாட்டை மட்டும் காப்புநகல் என்று எண்ண வேண்டாம். இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் வழக்கமாகப் பதிவாகியிருக்கும். ஆண்டுக்கொருமுறை சோதனைக் கட்டளையை ஓடவிட்டால் வட்டில் எந்தக் கோப்பாவது கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கெட்டதை மற்றொரு பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

கைபேசியில் இடம் குறைவென்றால், ஃபிளாக்கைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, ஓபஸ் என்ற சிறிய சுருக்க வடிவில் 128 கிலோபிட் பிரதியைக் கைபேசிக்கு அனுப்புங்கள். நான்கு நிமிடப் பாடல் 4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். எங்கிருந்தும் சொந்தத் தொகுப்பைக் கேட்க விரும்பினால், வீட்டில் எப்போதும் இயங்கும் ஒரு பழைய கணினியில் நேவிட்ரோம் அல்லது ஜெல்லிஃபின் என்ற சர்வர் மென்பொருளை நிறுவலாம். கைபேசிச் செயலி வழியே உங்கள் பாடல்கள் உங்கள் கணினியிலிருந்தே ஓடிவரும். அந்தக் கணினியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாமல், வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக மட்டும் அணுகுங்கள்.