பின் ஷொக் மாற்றியும் நிற்காத 'டொக்' சத்தம்

என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் நிலாவெளி ரோட்டில் போகும்போது ஒவ்வொரு குழிக்கும் பின்பக்கம் 'டொக்' என்று அடித்தது. பின் சில்லின் அதிர்வைத் தாங்கும் இரண்டு ஷொக்குகளில் இடது ஷொக்கில் எண்ணெய் வழிந்திருந்தது. ஸ்பிரிங்கைக் கடைசிப் படிக்கு இறுக்கிப் பார்த்தேன், இடுப்புதான் போனது. புதுசு வாங்கக் காசு இல்லை. கழற்றிய சாமான் கடையில் ஒரு சோடி எடுத்து மாட்டினேன். ஆட்டம் நின்றது, சத்தம் நிற்கவில்லை. செயினை இறுக்கினேன், மட்கார்ட் போல்ட்டுகளைப் பார்த்தேன். மூன்று நாள் வீண்.

அப்புறம் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஷொக்கின் மேல் கண்ணில் (வண்டியோடு பொருத்தும், உள்ளே ரப்பர் வைத்த வளையம்) விரலை வைத்துக்கொண்டு பின் சில்லைத் தூக்கிப் பார்த்தேன். வலது பக்கம் விரலில் தட்டியது. நட்டோ நல்ல இறுக்கம்! கழற்றினால், ரப்பருக்குள் இருக்க வேண்டிய இரும்புக் குழாயைக் காணவில்லை. வாஷர் இறுகி நிற்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ரப்பர் சும்மா ஆடுகிறது.

எறிய வைத்திருந்த பழைய ஷொக்கில் அந்தக் குழாய் இருந்தது. கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்ததால் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன். காலையில் தட்டி எடுத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீர் பூசி ரப்பருக்குள் அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. கிண்ணியாப் பாலம் வரை ஓடிப் பார்த்தேன், சத்தமே இல்லை. பழைய ஷொக்கை இன்னும் எறியவில்லை.