பெங்களூரு வாடகை வீட்டில் குளியலறை ஸ்பௌட்டை மாற்றுவது எப்படி

பெங்களூரில் காவிரி நீர் எட்டாத பகுதிகளில் போர்வெல் தண்ணீரையும் டேங்கர் தண்ணீரையும் நம்பித்தான் குடியிருக்க வேண்டியுள்ளது. உப்பு மிகுந்த அந்தத் தண்ணீரால் குளியலறையில் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள்களுள் ஒன்று, வாளிக்கோ தொட்டிக்கோ நீர் விடும் ஸ்பௌட். அதன் மேலுள்ள குமிழை இழுத்தால் நீர் ஷவருக்கு ஏற வேண்டும். உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தாலோ, அது படியும் இடத்தில் உப்பு கட்டிக்கொண்டாலோ, குமிழை இழுத்த பிறகும் பாதி நீர் கீழேயே ஒழுகும்.

வீட்டு உரிமையாளருக்கு முதலில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, குழாயையும் வாஷரையும் மாற்றுவதை வாடகைதாரர் பொறுப்பாகவும், சுவருக்குள் ஓடும் பைப்பை மாற்றுவதை உரிமையாளர் பொறுப்பாகவும் வைக்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான முன்மாதிரி மட்டுமே என்பதால், உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே உங்களுக்குக் கைகொடுக்கும். பழைய ஸ்பௌட்டையும் புதியதன் பில்லையும் வீடு காலி செய்யும்வரை பத்திரப்படுத்துங்கள்; அட்வான்ஸைத் திரும்பப் பெறும் நாளில் அவை தேவைப்படலாம்.

வேலையைத் தொடங்குமுன் கீசரை அணைத்து, குளியலறைக்கான வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். பிறகு ஸ்பௌட்டில் துணியைச் சுற்றி, ரெஞ்சால் இடஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்: பல அடுக்குமாடிக் கட்டடங்களில் சுவருக்குள் இருப்பது சிபிவிசி பிளாஸ்டிக் பைப் என்பதால், உப்பு இறுகிய மரையை முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே பைப் வளையும் இடத்திலுள்ள இணைப்பான எல்போ விரிசல் விடும், அப்புறம் டைல்ஸை உடைக்காமல் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அசைய மறுத்தால் அத்துடன் நிறுத்தி பிளம்பரை அழைப்பதே நல்லது, அந்தக் கூலியை வீண்செலவாக நான் கருதமாட்டேன்.

கழன்று வந்த ஸ்பௌட்டை உடனே தூக்கி எறியாமல், வினிகர் கலந்த நீரில் சற்று நேரம் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். உப்பு மட்டுமே காரணமென்றால் அதையே திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். புதிது வாங்குவதாக இருந்தால் பழையதையே சாம்பிளாகக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் அரை அங்குல மரைதான் இருக்கும் என்றாலும், டைல்ஸிலிருந்து மரை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆழம் கூடுதலாக இருந்தால் நீளத்தைக் கூட்டும் சிறு மரைத் துண்டான எக்ஸ்டென்ஷன் நிப்பிளும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பழைய டேப் துணுக்குகளைத் துடைத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாக இழுத்துச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும். கையால் முடிந்தவரை இறுக்கிய பின், வாய் நேர்கீழாக வரும்வரை மட்டும் ரெஞ்சால் திருப்பினால் போதும். வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, குமிழை இழுத்து ஷவரை ஓடவிட்டு, ஸ்பௌட் சுவரைத் தொடும் இடத்தில் உலர்ந்த டிஷ்யூவை வைத்துப் பாருங்கள். அது துளி ஈரமானாலும் கழற்றி டேப்பை மீண்டும் சுற்றுங்கள், ஏனெனில் சுவருக்குள் இறங்கும் கசிவு முதலில் தெரிவது கீழ்வீட்டாரின் கூரையில்தான்.