வரைபடத்தில் நின்ற பேனா

மூன்று வாரம் வீணான பிறகுதான் பிடிபட்டது. புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கடலரிப்புப் பாடம் எடுக்கிறேன். கடல்மட்டம் உயர்ந்தால் எந்தெந்த இடம் மூழ்கும் என்று காட்டும் வரைபடம் திரையில் வந்தாலே வகுப்பு உறைந்துவிடும். ஒரு பெண் அழுதேவிட்டாள். உற்சாகக் காணொளி போட்டேன், மரியாதைக்குச் சிரித்தார்கள். மூச்சுப்பயிற்சியும் பலிக்கவில்லை. பாடத்தைத் தள்ளிவைத்தேன், பயம் கூடியது.

அப்புறம்தான் கவனித்தேன்: புள்ளிவிவரத்துக்கு ஓடிய பேனாக்கள் வரைபடத்தில் மட்டும் நின்றன. எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சரி என்று தலைமைச் செயலகம் எதிரே கடற்கரைக்கே கூட்டிப்போனேன். துறைமுகச் சுவர் மணலை மறித்ததால் மறைந்த கரை, கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்தபின் மணல் திரும்பிய இடம். சனிக்கிழமைதோறும் கரையின் அகலத்தை டேப் பிடித்து அளந்தார்கள். முதல் வாரம் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பார்க்காமல் அளந்து ஆறு மீட்டர் குறைய, மறுபடி முகங்கள் வாடின. இப்போது ஓத அட்டவணையோடுதான் போகிறோம். அன்று வகுப்பில் அழுத பெண் போன வாரம் கேட்டாள்: "இங்கே மணல் பிடித்தால் வடக்கே குப்பத்துக்கு என்ன ஆகும், மேடம்?"