வேலையை விட்டுப் போனவரின் லைசென்ஸைப் புதியவருக்குத் தாருங்கள்

கடையில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் புதியவருக்கு இன்னொரு மைக்ரோசாஃப்ட் 365 (மின்னஞ்சல், வேர்ட், எக்செல் தரும் சந்தா) லைசென்ஸ் வாங்காதீர்கள். போனவரின் மின்னஞ்சல்பெட்டியை ஷேர்ட் மெயில்பாக்ஸாக, அதாவது பலர் சேர்ந்து பார்க்கும் பொதுப் பெட்டியாக மாற்றிவிட்டு, அவருடைய லைசென்ஸைக் கழற்றிப் புதியவருக்குக் கொடுங்கள். டிசம்பர் கூட்டத்துக்கு ஆள் சேர்த்து ஜனவரியில் அனுப்பும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் கடைகளுக்கு இதில் நல்ல மிச்சம்.

50 ஜிபிக்கு உட்பட்ட ஷேர்ட் மெயில்பாக்ஸுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. பழைய இன்வாய்ஸ்களும் அப்படியே இருக்கும். வரிக் கணக்குக்கான ஆவணங்களை தென்னாப்பிரிக்காவில் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டுமே, அதற்கும் ஆகும்.

வரிசை மாறக் கூடாது. முதலில் பாஸ்வேர்டை மாற்றி, உள்நுழைவைத் தடுங்கள். அட்மின் சென்டரில் (மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) ஆக்டிவ் யூசர்ஸ் பட்டியலில் அவர் பெயரைத் திறந்து, மெயில் பகுதியில் 'கன்வர்ட் டு ஷேர்ட் மெயில்பாக்ஸ்' அழுத்துங்கள். அந்தப் பெட்டியைத் திறக்க மேனேஜருக்கு அனுமதி கொடுங்கள். அவருடைய ஒன்டிரைவ் (இணையச் சேமிப்பு) கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். பலரும் மறப்பது இதைத்தான். கடைசியில்தான் லைசென்ஸைக் கழற்ற வேண்டும். முதலிலேயே கழற்றினால் 30 நாளில் அஞ்சல்கள் அழிந்துவிடும். யூசர் கணக்கை மட்டும் நீக்கவே வேண்டாம், ஷேர்ட் மெயில்பாக்ஸ் அதைப் பிடித்துத்தான் நிற்கிறது.

பெட்டி 50 ஜிபியைத் தாண்டினாலோ, வழக்குக்காக அஞ்சல்களை அழிக்க முடியாதபடி முடக்கி வைத்திருந்தாலோ, ஆன்லைன் ஆர்கைவ் (பழைய அஞ்சல்களுக்கான தனிச் சேமிப்பு) இருந்தாலோ இந்த வழி செல்லாது. லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டும்.