ஜிடிஓவா, வேஷம் போட்ட லெமான்ஸா?

அமெரிக்காவில் பழைய போன்டியாக் ஜிடிஓ கார் விற்பனைக்கு வந்தால், பெயிண்ட் பளபளப்பை விட்டுவிட்டு முதலில் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைப் பாருங்கள். 1966 முதல் 1971 வரையிலான அசல் ஜிடிஓவுக்கு அது 242 என்றுதான் தொடங்கும். 237 என்றிருந்தால் அதே போன்டியாக்கின் சாதாரண மாடலான லெமான்ஸ். ஜிடிஓ பேட்ஜை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். 1968 முதல் இந்த எண் முன்கண்ணாடி வழியாக டாஷ்போர்டு மேலேயே தெரியும். முந்தைய வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும்.

1964, 65 மாடல்களில் சிக்கல். அப்போது ஜிடிஓ என்பது லெமான்ஸுக்கான ஆப்ஷன் மட்டுமே, எண் காட்டிக்கொடுக்காது. பழைய போன்டியாக் ஆவணங்களை வைத்திருக்கும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் தொழிற்சாலைப் பதிவு நகலை விற்பவரிடம் கேளுங்கள். இழுத்தடித்தால் நகர்ந்துவிடுங்கள்.

கையோடு ஒரு சின்னக் காந்தம், மெல்லிய துணி சுற்றி. பின்சக்கர வளைவில் ஒட்டாமல் நழுவினால், பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடு அல்ல, பள்ளம் அடைக்கப் பூசும் பட்டி.