பாரிசவாதத்தில் தொங்கும் பாதத்தை மின்தூண்டலால் உயர்த்தி நடத்தல்

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் வழங்காமற்போனவர் மீண்டும் நடக்கத் தொடங்கும்போது, பாதம் தொங்கி விரல்நுனி நிலத்தில் இழுபடும். கிறவல் ஒழுங்கையிலும் வாசற்படியிலும் அவர் இடறி விழுவது பெரும்பாலும் இதனால்தான். கால் நிலத்தை விட்டெழும் கணத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள நரம்பைச் சிறு மின்துடிப்புகளால் தூண்டிப் பாதத்தை உயர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் லிபர்சனும் அவருடைய குழுவினரும் 1961 இல் வெளியிட்டனர்.

மூளையின் கட்டளை தடைப்பட்டிருந்தாலும், காலின் நரம்பு பழுதுபடாதிருந்தால்தான் இது பலிக்கும். வன்னியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷெல் துண்டு பட்டுக் கால்நரம்பே அறுந்தவரின் பாதமும் இப்படியேதான் தொங்கும், ஆனால் அவருக்கு இத்தூண்டல் கருவி உதவாது. ஆகவே காசைச் செலவழிக்குமுன் மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். இதய முடுக்கி, அடிக்கடி வரும் வலிப்பு, காலில் இரத்தக்கட்டு, உடலுக்குள் தங்கிய உலோகத்துண்டு ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வழங்காத காலுக்கு எண்ணெய் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த எண்ணெய் சிறிதளவு இருந்தாலும், தோலில் ஒட்டி மின்னைச் செலுத்தும் மின்வாய் ஒட்டாது. எனவே சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, மயிர் அடர்ந்திருந்தால் சவரம் செய்யாமல் கத்தரியால் குறைத்துவிடுங்கள். முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் எலும்புக் குமிழின் பின்கீழ்ப்புறத்தில் ஒரு மின்வாயையும், கணைக்காலின் முன்தசையில் மற்றதையும் ஒட்ட வேண்டும். அவரைக் கதிரையில் இருத்தி, செக்கனுக்கு 30 முதல் 40 துடிப்புகள் என்ற அளவில், மின்னோட்டத்தைப் பூச்சியத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். பாதம் நேராக உயர வேண்டும்; உட்பக்கம் திரும்பினால், மின்னோட்டத்தை நிறுத்தியபின், மேல்மின்வாயைச் சிறிது பின்னுக்கும், மிகையாக வெளிப்பக்கம் திரும்பினால் சிறிது முன்னுக்கும் நகர்த்தலாம். உணர்வு குறைந்த காலுக்குச் சுடுவது தெரியாது என்பதால், "நோகுதா?" என்று கேட்பதோடு நிற்காமல் தோலையும் பார்க்க வேண்டும்.

நடக்கும்போது, குதிகாலின் கீழுள்ள ஆளி அழுத்தம் விலகியதும் தூண்டலைத் தொடக்கி, குதி மீண்டும் ஊன்றியதும் நிறுத்தும். இதற்குக் குதியில் பட்டி உள்ள சப்பாத்து வேண்டும். வீட்டுச் செருப்பு வழங்காத காலில் நில்லாது. முதல் வாரம் 10, 15 நிமிடங்களே போதும், ஏனெனில் மின்னால் இயங்கும் தசை விரைவில் களைத்துவிடும். ஒருவர் வழங்காத பக்கத்தில் கூடவே நடக்க வேண்டும். வியர்வையில் மின்வாய் கழன்றுவிடுவதால் வெயிலுக்கு முன்னரே பயிற்சியை முடிப்பது நல்லது. மின்வாயை எடுத்தபின் தோன்றும் சிவப்பு ஒரு மணித்தியாலத்துள் மறையாவிட்டால், தூண்டலை நிறுத்தி, இயன்மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.