செவிப்பறையை ஒட்டும் முன் மேல் மூலையைப் பாருங்கள்

போன வாரம் தருமபுரியில், என்னோடு ஓபி பார்க்கும் இளம் மருத்துவர் ஒருவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "நடுவுல ஓட்டை சார், மேல கொஞ்சம் குறும்பி. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துடலாம்" என்றார். எனக்குத் திக்கென்றது. இதே வரியை நானும் ஒரு கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன்.

செவிப்பறை ஓட்டையைச் சவ்வு வைத்து ஒட்டும் ஆபரேஷன் இது. சீழ் வடியும்போதே ஒட்டக் கூடாது, வலது இடது காது மாறக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

மேல் மூலைப் பொருக்கு

குறும்பி காதுக்குழாயின் வெளிப்பகுதியில்தான் சுரக்கும். செவிப்பறைக்கு மேலே, அட்டிக் என்கிறோமே, அங்கே சுரக்காது. அந்த இடத்தில் பழுப்பாகப் பொருக்கு ஒட்டியிருந்தால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நகரக் கூடாது.

நான் நகர்ந்தேன். பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருந்தவர். பல வருடச் சீழ்க்காது, வந்தபோது காய்ந்திருந்தது. நடுவில் மிளகளவு ஓட்டை, மேலே பொருக்கு. சக்‌ஷன் வைத்தேன், வரவில்லை. வலிக்கிறது என்று தலையை இழுத்துக்கொண்டார். சரி, ஓட்டைதானே பிரச்சினை என்று விட்டுவிட்டேன். காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையை எடுத்து ஒட்டினேன். மூன்று மாதத்தில் அழகாகப் பிடித்துவிட்டது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

இரண்டு வருடம் கழித்து வந்தார். "வண்டில போனா தலை சுத்துது சார், காதுல நாத்தம் வேற." காது மடலுக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பை விரலால் அழுத்தினேன். இரண்டு கண்ணும் ஒரு பக்கமாக இழுத்தன. கொலஸ்டியட்டோமா. இடம் தவறி நடுக்காதுக்குள் வளரும் தோல் பை அது. உள்ளே செதில் செதிலாக உதிர்ந்து சேரும், பக்கத்து எலும்பை அரிக்கும். அவருக்குச் சத்தத்தைக் கடத்தும் சின்னப் பட்டடை எலும்பு கரைந்து, சமநிலை காக்கும் அரைவட்டக் குழாயின் எலும்பு வரைக்கும் போயிருந்தது. காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்ட் எலும்பைத் திறந்து ஆபரேஷன் செய்தோம். தலைசுற்றல் நின்றது, கேட்கும் திறன் திரும்பவில்லை. நான் ஒட்டிய சவ்வு மட்டும் அப்போதும் கிழியாமல் இருந்தது.

இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எரிச்சல் அடங்குவதில்லை. காரணம், செய்ய வேண்டியிருந்தது மிகச் சின்ன வேலை. நாலு நாள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, மறுபடி வரச்சொல்லி மைக்ராஸ்கோப்பில் பொருக்கைத் தூக்க வேண்டும். அப்புறமும் ஆழம் தெரியவில்லை என்றால் வளைந்த பார்வை தரும் எண்டோஸ்கோப், சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன்.

நாற்றத்தையும் கேளுங்கள். நடுவில் மட்டும் ஓட்டை இருக்கும் காதில் சீழ் பெரும்பாலும் நிறைய வரும், சளிபோல இழுபடும், அவ்வளவாக நாறாது. அட்டிக் நோயில் கொஞ்சமாக வரும், ஆனால் குமட்டும். நோயாளிக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். தலையணை உறை துவைப்பவரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

"ஆடியோகிராம் நல்லாதான் இருக்கு சார்" என்பார்கள். கேட்கும் திறனை அளக்கும் அந்தச் சோதனையை நம்பி விட்டுவிடாதீர்கள். எலும்பு அரித்துப்போன இடத்தில் அந்தத் தோல் பையே பாலமாக நின்று சத்தத்தைக் கடத்தும். காது கேட்டுக்கொண்டே இருக்கும், நோய் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

விளிம்பைச் சுரண்டாமல் ஒட்டுவது

பழைய ஓட்டையின் விளிம்பில் வெளித்தோலும் உட்சவ்வும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். உடம்பைப் பொறுத்தவரை அந்தக் காயம் ஆறி முடிந்துவிட்டது. நுனி வளைந்த ஊசியால் அந்த வெள்ளை வளையத்தை முழுதாக உரித்து, லேசாக ரத்தம் கசியவிட வேண்டும். அப்போதுதான் ஒட்டு பிடிக்கும். முன்பக்க விளிம்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒட்டு நழுவுவதும் அங்கேதான்.

ஆடியோகிராம் இல்லாமல் தொடங்குவது

வேண்டாம். அவருக்குக் கேட்கும் ஒரே காது அதுவாக இருக்கலாம்.

நாக்கு

சுவை நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது. சில வாரம் ஒரு பக்கம் சுவை மாறலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

"தண்ணி படக்கூடாது"

இந்த ஒரு வரி நம் ஊருக்குப் போதாது. "ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தால், புது ஒட்டு என்ன ஆகும்? வீட்டில் தலைக்குக் குளிக்கும்போதுகூட வாஸ்லின் தடவிய பஞ்சு வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. இதையும் வாயால் சொல்லுங்கள், சீட்டில் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

போன வாரத்து நோயாளிக்குத் தேதி கொடுக்கவில்லை. மருந்து விட்டு, நேற்று மறுபடி பார்த்தோம். பொருக்கை அந்த இளம் மருத்துவரே தூக்கினார். அடியில் ஈரக் காகிதம்போல வெள்ளையாகச் சுருண்டிருந்தது. சிடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.